ஆலையை மூடுகிறார்கள், வயது 47. எந்தக் கோர்ஸ் எடுப்பது?

மோல்டிங்காரன் (பிறை), ஞாயிறு இரவு 9.12

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

பினாங்கு, பிறையில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் ஆலையில் 22 வருடமாக இருக்கிறேன். இன்னும் மூன்று மாதத்தில் மூடுகிறார்கள். மெஷின்களில் பாதி வியட்நாமுக்குப் போகிறது, மீதி பழைய இரும்புக்காரனுக்கு. ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன், இப்போது செட்டப் டெக்னீசியன். பள்ளியில் எஸ்.பி.எம். பரீட்சை எழுதினேன், கணக்கில் கோட்டை விட்டேன். ஓவர்டைம் இல்லாமல் சம்பளம் 3,100 வெள்ளி (ரிங்கிட்). வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.

போன வாரம் கேண்டீனில் கூட்டம் போட்டார்கள். கறிபாப், தே ஓ வைத்து ஆளுக்கொரு புத்தகமும் கொடுத்தார்கள். உள்ளே நாற்பது கோர்ஸ். டிஜிட்டல் மார்க்கெட்டிங், டேட்டா, டிரோன், ஏர்கோன் (ஏ.சி.), கேக், ஃபோர்க்லிஃப்ட். இரண்டை டிக் பண்ணி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கச் சொல்கிறார்கள். மகள் டேட்டா எடுங்கள் என்கிறாள். மனைவி ஏர்கோன் என்கிறார். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. வீட்டில் லேப்டாப்பே மகளுடையதுதான்.

இன்னொன்று. கூடவே ஒரு கடிதம் கொடுத்தார்கள். இப்போதே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம் கூடுதல் என்று எச்.ஆர். பெண் சொன்னார். எங்கள் லைனில் ஐந்து பேர் போட்டுவிட்டார்கள்.


லைன்5_அக்கா (புக்கிட் மெர்தாஜாம்), ஞாயிறு இரவு 9.31

தம்பி, கோர்ஸை அப்புறம் பார்க்கலாம். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?


மோல்டிங்காரன், ஞாயிறு இரவு 9.34

இல்லை அக்கா. வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.


லைன்5_அக்கா, ஞாயிறு இரவு 9.58

நல்ல வேளை. பையிலேயே இருக்கட்டும்.

நானும் இதே மாதிரி 2019-இல் வெளியே வந்தவள்தான். நீங்களாக ராஜினாமா செய்தால் பெர்கேசோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எஸ்.ஐ.பி., அதாவது வேலை காப்புறுதிக் காசு கிடையாது. 2018-லிருந்து மாதா மாதம் உங்கள் சம்பளத்தில் 0.2 சதவீதம், முதலாளி பக்கம் 0.2 சதவீதம் பிடித்தார்களே, அந்தத் திட்டம்தான். ஆட்குறைப்பில் போனால் உண்டு. வி.எஸ்.எஸ். (விருப்ப விலகல் திட்டம்) என்று முறையாகத் திட்டம் போட்டு அனுப்பினாலும் உண்டு. வெறும் ராஜினாமாவுக்கு இல்லை.

எனக்கு முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 சதவீதம் வந்தது, அடுத்த மாதம் 50, அப்புறம் 40. என் சம்பளம் 2,000. அதனால் 1,600, 1,000, 800 என்று இறங்கியது. இப்போது விகிதம் என்ன என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தா கட்டிய மாதக் கணக்கைப் பொறுத்து மூன்று மாதமோ, கூடுதலாகவோ வரும். நடுவிலேயே வேலை கிடைத்துவிட்டால் மிச்சத்தில் கால்வாசியைக் கையில் கொடுப்பார்கள். பலருக்கு அது தெரியாது. வேலை கிடைத்ததைச் சொன்னால் காசு போய்விடும் என்று பயந்துகொண்டே இருப்பார்கள்.

வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். என் தோழி ஒருத்தி தீபாவளி முடியட்டும் என்று விட்டு, 60 நாள் தாண்டிப் போய் நின்றாள்.


சம்பளப்பிரிவு (பட்டர்வொர்த்), திங்கள் காலை 7.20

நான் எச்.ஆரில்தான் இருக்கிறேன், வேறு கம்பெனி. அக்கா சொன்னது சரி. அதோடு நஷ்ட ஈட்டையும் பாருங்கள். 1980-ஆம் வருட விதிமுறைப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். உங்களுக்கு 22 வருடம், ஆக 440 நாள். இரண்டு மாதம் கூடுதல் என்று காட்டி 440 நாளை விடச் சொல்கிறார்களா, அல்லது 440 போக இரண்டு மாதமா? அந்தக் கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்பதுதான் விஷயம். வாயால் சொன்னது கணக்கில் வராது.

முன்னறிவிப்பு உங்கள் சர்வீசுக்கு எட்டு வாரம். கம்பெனி தொழிலாளர் இலாகாவுக்கு ஆட்குறைப்பைத் தெரிவிக்கும் பி.கே. படிவத்தை 30 நாளுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தார்களா என்று இலாகாவில் போய்க் கேட்கலாம், அதில் தப்பில்லை. அந்த ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.


கிராப்_மாமா (ஜெலுத்தோங்), திங்கள் காலை 8.05

கோர்ஸ் எல்லாம் போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போட. நான் இரண்டு எடுத்தேன். சான்றிதழ் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கிறது, வேலை கொடுத்தது மைவிதான். காரை எடுங்கள், ஓட்டுங்கள், அன்றைக்கு அன்றைக்குக் காசு.


லைன்5_அக்கா, திங்கள் மதியம் 1.10

மாமா, போன மாதம் கியர்பாக்ஸ் போய் இரண்டு வாரம் சும்மா இருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள்தானே இங்கே புலம்பினீர்கள்.


கிராப்_மாமா, திங்கள் மதியம் 1.22

அது தனிக் கதை லா.


வெள்ளைப்பலகை (கெளுகோர்), திங்கள் இரவு 10.47

ஏழு வருடம் இந்த மாதிரி வகுப்பு நடத்தியவன் நான். விட்டுவிட்டேன், அதனால் சொல்லலாம்.

புத்தகத்தில் நாற்பது கோர்ஸ் எப்படி வந்தது தெரியுமா? எங்கே ஆள் தேவை என்று விசாரித்துப் போட்டதல்ல. பயிற்சி நிறுவனங்களிடம் என்ன சரக்கு கைவசம் இருந்ததோ அதைத்தான் அடுக்குவார்கள். கட்டணம் தலைக்கு இவ்வளவு. காலையில் ஒரு கையெழுத்து, மாலையில் ஒரு கையெழுத்து, வருகைப் பதிவு சரியாக இருந்தால் பில் பாஸாகும். வந்தவருக்கு ஆறு மாதம் கழித்து வேலை கிடைத்ததா என்று ஏழு வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுப் பார்க்கவில்லை.

ஒரு வகுப்பு மட்டும் மனதில் நிற்கிறது. பாயான் லெப்பாஸில் மூடிய ஓர் ஆலையிலிருந்து 24 பேர், பெரும்பாலும் பெண்கள். பாடம் எக்ஸெல். முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து என்ன தெரியும் என்று சொல்லச் சொன்னேன். ஐம்பதை ஒட்டிய ஓர் அம்மா, “ஒன்றும் தெரியாது சார், சும்மா ஆப்பரேட்டர்தான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மதியம் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபோது பேச்சுவாக்கில் தெரிந்தது, 18 வருடம் வயர் பாண்டிங். முடியில் மூன்றில் ஒரு பங்கு பருமன்கூட வராத தங்கக் கம்பி. மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்து, நுனிப் பந்து ஒட்டியிருக்கிறதா, தூக்கிக்கொண்டதா என்று சொல்லிவிடுவார். புதிதாக வந்த இஞ்சினியர்களுக்கு அதைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். அவருக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் தெரியுமா? எக்ஸெல் கட்டத்துக்கு மஞ்சள் அடிக்க. படிவத்தில் ‘அனுபவம்’ என்ற இடத்தில் ‘அடிப்படை’ என்று டிக் அடித்ததும் நான்தான்.

அதனால் உங்கள் கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போடச் சொல்வேன். எந்தக் கோர்ஸ் என்பதற்கு முன்னால், 22 வருடத்தில் என்ன கற்றீர்கள், அதற்கு ஏதாவது பேப்பர் இருக்கிறதா? உங்களிடம் இருக்கும் திறமை முழுவதும் அந்தக் கேட்டுக்கு உள்ளேதான் செல்லுபடியாகும். கேட்டை மூடிவிட்டால் அது உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான்.


மோல்டிங்காரன், திங்கள் இரவு 11.15

பேப்பர் என்றால், 15 வருட நீண்ட சேவைக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது பேப்பரில் சேருமா?


பாக்காப்_மெக்கானிக் (சுங்கை பாக்காப்), செவ்வாய் இரவு 8.40

அண்ணே, கடிகாரத்தை விடுங்கள். பி.பி.தி. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ‘பெங்கிக்திராஃபான் பெஞ்சாப்பாயான் தெர்டாஹுலு’. முன்பே செய்து காட்டிய திறமைக்கு அங்கீகாரம். எஸ்.கே.எம். என்கிற மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பில் உட்காராமல், அனுபவத்தைக் காட்டி வாங்குகிற வழி. மனிதவள அமைச்சின் கீழ் உள்ள ஜே.பி.கே. (திறன் மேம்பாட்டு இலாகா) கொடுப்பது. பயிற்சி மையத்தில் சேர்ந்து வாங்கினாலும், இப்படி வாங்கினாலும் அதே எஸ்.கே.எம். தான். நிலை 1 முதல் 3 வரை சான்றிதழ், 4 டிப்ளோமா, 5 உயர் டிப்ளோமா.

நான் பராமரிப்புப் பிரிவில் 14 வருடம் இருந்தேன். எனக்கும் பேப்பர் கிடையாது. நேர்முகத்துக்குப் போனால் டிப்ளோமா பையனை எடுத்துக்கொண்டு, ‘உங்களைக் கூப்பிடுகிறோம்’ என்பார்கள். நிலை 3 வாங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. ஓஹோ என்று மாறிவிடவில்லை. ஆனால் சம்பளம் பேசுகிற மேஜையில் என்னை உட்காரவைத்தார்கள்.

நடைமுறை இப்படி. ஒவ்வொரு தொழிலுக்கும் ‘நோஸ்’ என்று ஒரு தர ஆவணம் இருக்கிறது. உங்கள் வேலைக்கு ஒத்துவருகிற நோஸ் எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் நீங்கள் செய்ததற்கான ஆதாரத்தை ஒரு கோப்பாகச் சேர்க்க வேண்டும். ஜாப் ஷீட், உள் பயிற்சிப் பதிவு, வேலை விவரக் கடிதம், நீங்கள் வேலை செய்யும் படம், மேலாளர் கையெழுத்து. பிறகு மதிப்பீட்டாளர் பார்ப்பார், கேள்வி கேட்பார், செய்து காட்டச் சொல்வார்.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆலை மூடி எட்டு மாதம் கழித்துத்தான் இதை ஆரம்பித்தேன். கையெழுத்துப் போட மேலாளர் எங்கே? ஜோகூரில். பயிற்சிப் பதிவு எங்கே? லாரியில் ஏற்றிவிட்டார்கள். கடைசியில் பழைய வாட்ஸ்அப் குழுவில் கிடந்த படங்களைத் தேடித் தேடி ஒட்டினேன். நீங்கள் இன்னும் உள்ளே இருக்கிறீர்கள். அதுதான் பெரிய அதிர்ஷ்டம், பார்க்க அப்படித் தெரியாவிட்டாலும்.

கோப்பை முழுக்க நாங்களே எழுதித் தருகிறோம் என்று ஏஜெண்ட் வருவான். வேண்டாம். மதிப்பீட்டாளர் இரண்டாவது கேள்வி கேட்டாலே குட்டு உடைந்துவிடும். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள்.


கிள்ளான்_பள்ளத்தாக்கு (பெட்டாலிங் ஜெயா), செவ்வாய் இரவு 9.55

இங்கே 2018-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ஹார்ட் டிஸ்க் ஆலையை அடுத்த வருடக் கடைசிக்குள் மூடுவதாக அறிவித்தபோது அக்கம்பக்கத்தில் பேச்சே அதுதான். உலகம் சிப்பில் சேமிக்கிற எஸ்.எஸ்.டி. பக்கம் போய்விட்டது, சுழல்கிற தட்டுக்கு மவுசு குறைந்துவிட்டது. யாருடைய தப்பும் இல்லை.

நான் வேறொரு சின்ன ஆலையில் இருந்து வந்தவன். ஏர்கோன் கோர்ஸ் எடுத்தேன். அண்ணி ஏர்கோன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தொழில் நல்ல தொழில்தான். ஆனால் கடை வீட்டு மூன்றாம் மாடிச் சன்னலுக்கு வெளியே கம்ப்ரஸரைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்க 47-இல் இடுப்பு கேட்காது. கோர்ஸ் நடத்தியவர் ஸ்ப்லிட் யூனிட்டை மேஜை மேல் வைத்துத்தான் காட்டினார். சன்னலைக் காட்டவில்லை.

இரண்டு வருடம் கழித்து சார்ஜ்மேன் (மின் அமைப்பைப் பார்த்துக்கொள்கிற தகுதி பெற்ற ஆள்) பக்கம் போனேன். ஏ0 என்கிற தகுதி. சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) பரீட்சை, அனுபவ காலமும் கேட்பார்கள், லேசில் கிடைக்காது. ஆனால் கட்டடம், மால், ஆலை என்று அந்த ஆள் இல்லாமல் நடத்த முடியாத இடங்கள் நிறைய. சட்டமே ஆள் வைக்கச் சொல்கிறது. நீங்கள் செட்டப் ஆள், கண்ட்ரோல் பேனலைத் தொட்டவர். யோசியுங்கள்.


வாத்தியார்62 (ஆயர் ஈத்தாம்), புதன் காலை 6.30

ஓய்வுபெற்ற பொருளாதார ஆசிரியன். நல்ல செய்தி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத் தொழிலாளர்களை வைத்து ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் என்ற மூவர் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே இடத்தில் நீண்ட காலம் வேலை செய்து, நொடிந்துபோன கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு வருமானம் பல வருடம் கழித்தும் சராசரியாகக் கால்வாசி குறைவாகவே இருந்தது. அதே மூவர் பின்னால் வாஷிங்டன் மாநிலத்தில் பார்த்தார்கள். வேலை இழந்து கல்லூரியில் சேர்ந்தவர்களில் தொழில்நுட்பம், கணிதம் சார்ந்த பாடம் எடுத்தவர்களுக்கு வருமானம் கூடியது. மற்ற பாடம் எடுத்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.


கிராப்_மாமா, புதன் காலை 7.02

சார், காலங்காத்தாலே ஆளைப் பயமுறுத்துகிறீர்களே.


வாத்தியார்62, புதன் காலை 7.15

பயமுறுத்த இல்லை. 3,100 உடனே திரும்பி வராது என்று தெரிந்தால் வங்கியிடம் இப்போதே பேசலாம், தவணை தவறிய பிறகு அல்ல. கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே. இலவசமாகவே ஆலோசனை தருகிறது. அந்த 440 நாள் காசு வந்த அன்றே கார் மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.


மோல்டிங்காரன், புதன் இரவு 11.40

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விற்றபோது ஒரு கோழிக் குழம்பு விருந்தும் சொற்பக் காசும் கொடுத்து அனுப்பினார்கள். மரத்தின் எந்தப் பக்கம் கத்தி போட்டால் பால் எவ்வளவு வரும் என்று அவருக்குத் தெரியும். பிறைக்கு வந்து செக்யூரிட்டி வேலை பார்த்தார். வெள்ளைப்பலகை அண்ணன் எழுதியதைப் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

சரி, எனக்கு என்ன தெரியும் என்று நேற்று ஷிப்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஏபிஎஸ் பிளாஸ்டிக் பார்ட் மேல் வெள்ளிக் கோடு விழுந்தால் மற்றவர்கள் டெம்பரேச்சரைத் திருகப் போவார்கள். நான் முதலில் ட்ரையரைப் பார்ப்பேன். 80 டிகிரியில் மூன்று மணி நேரமாவது காய்ந்திருக்க வேண்டும். இரவில் அவசரத்துக்கு மூட்டையை அப்படியே ஹாப்பரில் கொட்டியிருப்பார்கள், ஈரம் பேரலுக்குள் ஆவியாகிக் கோடாக வரும். ஓரத்தில் சவ்வு மாதிரி பிதுங்கினால் க்ளாம்ப் போதவில்லையா, மோல்டு முகம் அடிபட்டிருக்கிறதா என்று விரலால் தடவியே சொல்லிவிடுவேன். 14-ஆம் நம்பர் மெஷின் ஸ்க்ரூ திரும்பும் சத்தம் மாறினால் கேண்டீனில் இருந்தாலும் எழுந்துவிடுவேன்.

இதெல்லாம் பேப்பரில் எழுதுகிற சமாசாரமா?


பாக்காப்_மெக்கானிக், புதன் இரவு 11.52

அண்ணே, இதைத்தான் எழுதணும். இதையே மலாயில் எழுதுங்கள். சத்தத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அதற்கு நோஸில் இடம் இல்லை.


லைன்5_அக்கா, வியாழன் மாலை 6.20

ஆண்கள் எல்லாம் சார்ஜ்மேன், எஸ்.கே.எம். என்று பேசுகிறீர்கள். எங்கள் லைன் பெண்கள் பக்கமும் ஒரு வார்த்தை.

ஆலை மூடுகிற அன்றைக்கே பாக்டரி பஸ்ஸும் நின்றுவிடும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 20 வருடம் காலை 5.45-க்கு வீட்டு வாசலில் பஸ் வந்தது. எங்களில் பாதிப் பேருக்கு மோட்டார் லைசென்ஸ்கூட இல்லை. பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலை இருக்கிறது, கூலிமில் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, நான் எப்படிப் போவேன்? என்னோடு வந்தவர்களில் நான்கு பேர் கேக் கோர்ஸ் எடுத்தார்கள். கேக் நன்றாகத்தான் செய்தார்கள். ஒரே தாமானில் (குடியிருப்பில்) நான்கு பேர் கேக் விற்றால் யார் வாங்குவது? ஒருத்திக்கொருத்தி வாங்கிக்கொண்டோம்.

எனக்கு வாழ்க்கையை மாற்றியது 49 வயதில் எடுத்த கார் லைசென்ஸ். நாற்பது கோர்ஸ் புத்தகத்தில் அது இல்லை. இப்போது பத்து காவானில் மருத்துவக் கருவி ஆலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். கண் பழகியிருந்தது, அதுவே போதுமாக இருந்தது. முன்பு தோட்டமாக இருந்த இடம் அது, அங்கே என் பெரியம்மா களை பிடுங்கியவர்.


வெள்ளைப்பலகை, வியாழன் இரவு 10.05

அக்கா, இதை அன்றைக்கே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

மோல்டிங் அண்ணனுக்கு இரண்டு இடம். பாயான் லெப்பாஸில் பி.எஸ்.டி.சி. பயிற்சி மையம், 1989-இல் ஆலைகளும் மாநில அரசும் சேர்ந்து தொடங்கியது. மெஷினைத் தொட்டுப் படிக்கலாம். உங்கள் பக்கம் நிபோங் தெபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரில் இருக்கும் ஐ.எல்.பி. (தொழிற்பயிற்சிக் கழகம்). போன் பண்ணாதீர்கள், நேரில் போய் வொர்க்ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். மெஷினில் தூசி படிந்திருந்தால் வேறு இடம் பாருங்கள்.


மோல்டிங்காரன், ஏழு வாரம் கழித்து, சனி இரவு 9.30

நிலவரம் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

ராஜினாமா போடவில்லை. போட்ட ஐந்து பேரும் தொழிலாளர் இலாகாவுக்குப் போனார்கள், மூன்று பேருக்குக் கம்பெனியே கடிதத்தை மாற்றிக் கொடுத்துவிட்டது. இரண்டு பேர் விஷயம் இழுத்துக்கொண்டிருக்கிறது.

வேலை விவரக் கடிதம் வாங்கிவிட்டேன். எச்.ஆர். கொடுத்த முதல் கடிதத்தில் ‘உற்பத்தி ஊழியர்’ என்று ஒரே வரி. திருப்பிக் கொடுத்து, மோல்டு மாற்றுவது, பேராமீட்டர் வைப்பது, புதியவர்களுக்குப் பயிற்சி என்று நானே எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன். மேலாளர் படித்துவிட்டு, “நீ இவ்வளவும் செய்தாயா?” என்றார். 22 வருடம் அவர் கண்ணாடி அறை என் மெஷினுக்கு நேர் எதிரேதான். படம் எடுக்க அனுமதி கேட்டேன். வாடிக்கையாளர் மோல்டு தெரியக்கூடாது என்று சொல்லி, பழைய மோல்டு ஒன்றை மாட்டித் தந்தார்கள்.

கோப்பில் பாதி ஆகியிருக்கிறது. மகள் டைப் செய்கிறாள், இலக்கணமும் திருத்துகிறாள். கூலிமில் ஒரு நேர்முகம் போனேன். 2,600 என்றார்கள். எஸ்.கே.எம். வந்ததும் திரும்பிப் பேசலாம் என்று சொன்னார்கள், பார்ப்போம். மனைவி இன்னும் ஏர்கோனை விடவில்லை.


கையுறை_தங்கை (சுங்கை பட்டாணி), சனி இரவு 10.14

அண்ணே, இப்போதுதான் இந்த இழை கண்ணில் பட்டது. நான் கையுறை ஆலையில் இருக்கிறேன். எங்களுக்கும் நேற்று கடிதம் கொடுத்தார்கள். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். படம் எடுத்துப் போடட்டுமா?


மோல்டிங்காரன், சனி இரவு 10.16

படம் வேண்டாம்மா, ஐசி (அடையாள அட்டை) நம்பர் எல்லாம் இருக்கும். இரண்டாவது பத்தியை மட்டும் டைப் பண்ணுங்கள். ராஜினாமா, சொந்த விருப்பம் என்று எங்கேயாவது வருகிறதா?


கையுறை_தங்கை, சனி இரவு 10.25

‘செச்சாரா சுக்காரெலா’, சொந்த விருப்பத்தின் பேரில் என்று இருக்கிறது. கடைசி வரியில்.


மோல்டிங்காரன், சனி இரவு 10.26

கையெழுத்து?


கையுறை_தங்கை, சனி இரவு 10.26

இன்னும் போடவில்லை.